போகாத கிளை

எல்லோரும் பகிரும் மென்பொருள் நிரலிலிருந்து, சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு நகல் கிளை பிரித்துவிட்ட தைரியத்தில் மெர்லின் பழைய நிரலையெல்லாம் அழித்து எழுதி அனுப்பினாள். அலுவலகத்தில் எல்லோருடைய வேலையும் நின்றது. பக்கத்து இருக்கை சுகந்தன் வந்து அவள் திரையைப் பார்த்தான்.

“பிராஞ்ச் போட்டீங்க, சரி. செக்அவுட் பண்ணி அதுக்குள்ள போகவே இல்லையே! எல்லாரும் வேலை பாக்குற மெயின்லயே உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் உடைச்சிருக்கீங்க.”

“போட்டாலே போயிட்ட மாதிரின்னு நினைச்சேன்.”

அவன் பழையதை மீட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி துடைக்கத் துணி தேடிக் கைப்பைக்குள் துழாவியவளுக்குச் சாவி தட்டுப்பட்டது. கணவனுக்குத் தெரியாமல் வாடகைக்கு எடுத்த வீட்டின் சாவி. அங்கே திரைச்சீலைகூட மாட்டியாகிவிட்டது. தினமும் பழைய வீட்டுக்கே போய், அவனோடு சண்டை போட்டுவிட்டு, அங்கேயே தூங்குகிறாள்.

“இப்பவாவது மாறிடுங்க” என்று சுகந்தன் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான்.

மெர்லின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.