டாக்டர் எழுதிய கடிதம்

1910 மே மாதம். அமெரிக்காவின் இந்தியானாவில் முப்பது பேர் மட்டும் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையின் அலுவலக மேசையில், கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் பத்திரிகைப் பக்கம் ஒன்றை விரிக்கிறாள். விளம்பரங்களை எழுதும் ஆல்மா எட்டிப் பார்க்கிறாள். தான் எழுதிய விளம்பரம்தான். காரின் படத்துக்குக் கீழே, அதை வாங்கிய டாக்டர் லிண்ட்குவிஸ்டின் கடிதம்: 'சேற்றிலும் பனியிலும் இந்த வண்டி என்னைக் கைவிட்டதில்லை. என் மனைவிகூடப் பயமின்றி ஓட்டுகிறாள்.' "நான் அவர் சம்சாரம்ங்க," என்கிறாள் வந்தவள். "அவர் போய் நாலு மாசமாச்சு. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது, பெருமைக்கு எழுதியிருக்கார் போல. அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா? அவர் கையெழுத்தைப் பார்க்கணும்." கார் வாங்கியவர்களின் பட்டியலில் ஏதோ ஒரு பெயர் என்றுதான் ஆல்மா டாக்டரின் பெயரை எடுத்திருந்தாள். முதலாளி ப்ரூயிட் இழுப்பறையைத் திறந்து தாள்களைப் புரட்டுகிறார். "இங்கதாம்மா எங்கயோ வச்சேன். தேடி அனுப்பிடறேன்." தாள்கள் சரசரக்கின்றன. வெளியே ஓர் எஞ்சின் இருமி இருமி அடங்குகிறது. அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி நிற்கிறாள். "தேடாதீங்க சார்," என்கிறாள் ஆல்மா. "அம்மா, அதை எழுதினது நான்." நீட்டிய கை அப்படியே நிற்கிறது.