முதல் ஆளாக வந்த கடைசி பஸ்

மணி அடித்தபோது நான் உள்ளே இருந்தேன்.

இதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு எங்கள் வேதியியல் ஆய்வகத்தைத் தெரியாது. மணி அடித்த கையோடு மேடம் கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிடுவார். அதன் பிறகு கல்லூரி முதல்வரே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு மேடம்.

எனக்கு வகுப்பு வைத்த பெயர் கடைசி பஸ்.

அந்தக் கதவுக்கு வெளியே நின்றே இரண்டு வைவாவைக் கோட்டைவிட்டவள் நான். மேடம் கேள்வி கேட்பார், நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வைவா. ஆனால் மூன்றாவதையும் விட்டால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அந்த ஜூனியர்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. அவள் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அதனால்தான் சனிக்கிழமை போய் ஒரு பிளானர் வாங்கினேன். மஞ்சள் அட்டை, அதில் கண்ணாடி போட்ட பூனை, நாளுக்கு ஒரு பக்கம். ஞாயிறு முழுக்கக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதித் தள்ளினேன். வைவாவுக்குச் சிவப்பு, அசைன்மென்ட்டுக்குப் பச்சை, துணி துவைக்க நீலம். போனைப் பார்த்தால் புத்தி அலையும் என்று அதை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். இனிமேல் எனக்கு எல்லாம் காகிதம்தான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "மூச்சு விடறதையும் எழுதிக்கோடி, மறந்துடப் போற."

மூச்சை எழுதவில்லை. பல் தேய்ப்பதை எழுதியிருந்தேன். காலையில் தேய்த்து முடித்து அதற்கு ஒரு டிக் போட்டபோது வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குளித்ததற்கு ஒரு டிக். பஸ் ஏறியதற்கு ஒரு டிக். வழக்கமாக அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் இருப்பேன்.

ஆய்வகத்தில் மேடமும் நானும் மட்டும்தான். படிப்பதற்காக விட்ட விடுமுறை என்பதால் வராந்தாவில் ஆள் இல்லை. சரி, வைவாவுக்குக் கூடவா வகுப்பில் ஒருவரும் வர மாட்டார்கள்? பியூரெட் என்கிற அளவுக் குழாய்களைக் கழுவித் தரும் உதவியாளர் அண்ணனைக்கூடக் காணோம். மேடமே சாவி போட்டுத் திறந்திருந்தார்.

தாழ்ப்பாள் விழுந்தது. மேடம் காலி பெஞ்சுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நேரத்துக்கு வர்றதுக்கு இந்த வகுப்புல நீ ஒருத்திதான் இருக்கியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து, வருகைத்தாளில் வரிசையாக ஆப்சென்ட் போட்டுக்கொண்டே போனார். நான் தலைகீழாகப் படித்தேன். நேரம் தவறாததால் கடிகாரம் என்று நாங்கள் கூப்பிடும் முதல் ரேங்க்காரனுக்கும் ஆப்சென்ட். எனக்குக் கடைசி பஸ் என்று பெயர் வைத்ததே அவன்தான். பாவம் என்று நினைக்க முயன்றேன், வரவில்லை. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

வைவா ஆரம்பித்தது. பியூரெட்டில் அளவை எப்படிப் பார்ப்பாய் என்றார். கண் மட்டத்தில் வைத்து என்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். மேடம் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். தனித் தாளில் மதிப்பெண் போட்டு அதைச் சுற்றி வட்டமும் போட்டார். அப்படியே எழுந்து ஆடிவிடலாம் போல இருந்தது.

அப்போது ஸ்டோர் ரூம் பக்கத்துக் கதவு திறந்து, வாளியும் துடைப்பமுமாக உதவியாளர் அண்ணன் வந்தார். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"வைவா நாளைக்குத்தானே மேடம்? நான் இடத்தைத் துடைச்சு வைக்கலாம்னு வந்தேன்."

வைவா இருபதாம் தேதி என்றார் மேடம். இன்று பத்தொன்பதுதான் என்றார் அண்ணன். இருபது திங்கட்கிழமை என்றார் மேடம். இல்லை, செவ்வாய் என்றார் அவர். திங்கள்தான், நானும் குறித்து வைத்திருக்கிறேன் என்று மேடத்துக்குத் துணைக்குப் போனேன். இந்த வைவா செல்லாது என்றால் நாளைக்கு மறுபடியும் இதே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். அது என்னால் ஆகிற காரியமா?

மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஆதாரத்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

மஞ்சள் அட்டை. கண்ணாடி போட்ட பூனை.

அண்ணன் அதைக் கையில் எடுத்து அட்டையின் மூலையைப் பார்த்தார். "இது போன வருஷத்து பிளானர் மேடம்."

கடையில் பாதி விலைக்குக் கூடையில் குவித்துப் போட்டிருந்தார்கள். பூனையைப் பார்த்தேனே தவிர, நான் வருடத்தைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த பிளானரை மெல்லப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அதற்குள் மேடம் பார்த்துவிட்டார்.

அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். மேடம் வருகைத்தாளை மடித்து, சத்தம் வராமல் கிழித்தார். கடிகாரம் பிழைத்தான். என் மதிப்பெண் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிழிக்காமல் கோப்பில் வைத்தார்.

பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். வராந்தாவில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கு நீ வர வேண்டாம். சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய் மாத்திட்டு வந்துடலாம். உன்கிட்ட பில் இருக்கா? என்னோடதை எங்க வச்சேன்னே தெரியல."