முசியே வைத்த பெயர்

பாக்கெட்டைக் கையில் எடுக்கிற பெண்கள் எல்லோரும் ஏன் இப்படித் திருட்டு முழி முழிக்கிறார்கள் என்பது சந்திரகலாவுக்குப் பிடிபடவே இல்லை.

காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், மகளிர் குழுவின் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். போன வாரம் வரை அந்த மேசையில் ஈ மட்டும்தான் வந்து உட்கார்ந்தது.

இன்று என்னவென்றால், ஒருத்தி வருகிறாள், பெயரைப் படிக்கிறாள், இரண்டு பக்கமும் பார்க்கிறாள், காசைக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டைக் கூடைக்குள் கத்தரிக்காய்க்கு அடியில் செருகிக்கொண்டு போயே விடுகிறாள்.

மோந்து பார்க்கட்டும் என்று தனியாக ஒரு கிண்ணத்தில் பொடி வைத்திருந்தாள். ஒருத்தியும் மோந்து பார்க்கவில்லை. அதில்தான் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆரஞ்சுத் தோல், வேப்பிலை, கொஞ்சம் வசம்பு. எல்லாம் மொட்டை மாடியில் அவள் கையால் காயவைத்தது. ஒரு லுங்கி உலர்த்தக்கூட இடமில்லாமல் போய்விட்டது என்று அவள் புருஷன் ராஜவேல் நாளெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தான்.

இன்றும் விற்கவில்லை என்றால், அடுத்த வாரம் மேசை சின்னப்பொண்ணின் ஊறுகாய்க்குப் போய்விடும். குழுத் தலைவி ஆதிலட்சுமி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். மேசை போனால் மொட்டை மாடியும் லுங்கிக்குப் போய்விடும். அப்புறம் சந்திரகலா பழையபடி அடுப்படியே கதி என்று கிடக்க வேண்டியதுதான்.

ஆதிலட்சுமி நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். கழுத்தில் புதுச் செல்போன் தொங்கியது. பேனாவைக் கொண்டைக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். ஏதாவது யோசித்தால் அவள் அப்படித்தான். அந்தத் தலைக்குள் எந்நேரமும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும் என்று குழுவில் எல்லோருக்கும் அவள்மேல் தனி மரியாதை.

பாக்கெட் விற்பதெல்லாம் புதுப் பெயர் செய்கிற வேலை என்று சந்திரகலா நினைத்துக்கொண்டாள்.

'குளியல் பொடி' என்று எழுதியிருந்தவரை சீண்ட ஆளில்லை. எதிர்வீட்டுத் தட்சிணாமூர்த்திதான் வழி சொன்னார்; பிரெஞ்சு மரியாதையில் தெருவே அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சில் பெயர் வை, ஊரே திரும்பிப் பார்க்கும் என்றார்.

குளியலுக்கு அந்தப் பாஷையில் உள்ள சொல்லை மூக்கால் சொல்லிக் காட்டினார். அவளையும் மூக்கால் சொல்லவைத்தார். ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி ஒரு சாயங்காலம் பூராவும் அதையே சொல்லிப் பழகினாள். பிரெஞ்சு எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று, தமிழிலேயே கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் அடித்தாகிவிட்டது.

நேற்று ராஜவேலே வந்து உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தான். ஒட்டி முடிக்கிறவரை துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினான். கேட்டதற்கு மஞ்சள் நெடி என்றான். இவ்வளவு கஷ்டத்திலும் கூட இருந்து ஒட்டுகிறானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருத்தி வந்து, எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று கிசுகிசுத்தாள். இன்னொருத்தி, பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் தேய்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாகத் தேய்க்கலாம் என்று சந்திரகலா பூரித்துப்போய்த் தலையாட்டினாள்.

அப்போதுதான் வைத்திக்குப்பத்து வீராயி வந்தாள். தெருத்தெருவாக மீன் கூவி விற்கிற குரல். ரகசியம் பேச அதற்குத் தெரியாது. பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, வீதிக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏம்மா, இதுல பேனு மட்டுந்தான் சாவுமா, ஈருஞ் சேந்து சாவுமா?"

சந்திரகலா பாக்கெட்டைப் பார்த்தாள். முதல்முறையாக மூக்கை விட்டுவிட்டு வாயால் படித்தாள்.

'பேன் பொடி.'

முசியே மூக்கால் சொன்னவரைக்கும் அது குளியல்தான். தமிழில் வந்து உட்கார்ந்ததும் தலையில் ஊர ஆரம்பித்துவிட்டது.

ராஜவேல் குலுங்கியது மஞ்சள் நெடியால் இல்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவன் லுங்கி ஒன்றைக் கிழித்துப் பிடித்துணி ஆக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

இது குளிக்கிற பொடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மேசை கண்ணில் பட்டது. ஒரே ஒரு பாக்கெட்தான் மிச்சம் இருந்தது.

"வேப்பிலையும் வசம்பும் போட்டிருக்கேன்க்கா. தேச்சுப் பாரு."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீராயி கையிலிருந்ததை மடியில் கட்டிக்கொண்டு நகர்ந்தாள். ஆதிலட்சுமி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், தொலைந்தது மேசை என்று சந்திரகலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஆதிலட்சுமி அவள் காதோரம் குனிந்தாள்.

"மேசை உனக்குத்தான். மிச்சம் இருக்கிறத பேப்பர்ல சுத்தி என் பையில போட்டுடு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

சொல்லிவிட்டுப் பேனாவை மறுபடியும் கொண்டைக்குள் விட்டாள்.

இத்தனை நாளும் அந்தத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது குழுவைப் பற்றிய யோசனை என்றுதான் சந்திரகலா நம்பியிருந்தாள்.