தொண்ணூற்றெட்டுக்கு வக்காலத்து

"அப்ப நாவுல பிராஞ்ச இழுத்து மூடிரலாமா?" சிவலிங்கம் மேசையைத் தட்டினார்.

ஜெஸீமா அசரவில்லை. "பிராஞ்ச இல்ல அண்ணே, அங்க இருக்கிற விண்டோஸ் தொண்ணூத்தெட்ட."

மாத்தளை டவுனில் பஸ் சீட் பதிவு செய்யும் ஆபீஸ் அது; நாவுல என்ற ஊரில் அதற்கொரு கிளை, அங்கே இன்னும் பழைய விண்டோஸ் தொண்ணூற்றெட்டுதான். பதிவுக்கான புரோகிராமை ஒன்பது வருடம் முன்பு எழுதியவர் சிவலிங்கம். புதிதாக வந்த விஸ்டா கம்ப்யூட்டரில் அது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அதைச் சரிசெய்யத்தான் ஜெஸீமாவை எடுத்திருந்தார்கள். ஒரு மாதத் தவணை. பிடித்தால் வேலை நிரந்தரம்.

பழுது முதல் நாளே பிடிபட்டது. சிவலிங்கத்தின் புரோகிராம் நம்பியிருந்த பத்தொன்பது பழைய விண்டோஸ் ஃபங்ஷன்களைப் புது விண்டோஸ் கைவிட்டிருந்தது. பத்தொன்பதையும் மாற்றி எழுதினாள். ஆனால் புது ஃபங்ஷன்கள் தொண்ணூற்றெட்டில் கிடையாது. சண்டை அங்கேதான் தொடங்கியது.

"ரெண்டுலயும் ஓடுற மாதிரி எழுதினா என்ன?" என்றார் சிவலிங்கம்.

"ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு வழி வெக்கணும். இங்க திருத்தினா அங்க ஒடையும்."

"நாவுலயில என்ன செய்வ?"

"பழைய கம்ப்யூட்டர எடுத்துட்டு இங்க இருக்கிற விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர அனுப்புவம்."

"பழைய பதிவு எல்லாம் போயிருமே!"

"நேத்தே புதுசுல ஏத்திட்டேன். ஒரு சீட்டும் விடுபடல்ல."

ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்தது தயாராக இருந்தது. தான் எழுதியதை ஒருத்தி அழிக்கிறாளே என்ற கடுப்பு என்று நினைத்துக்கொண்டாள் ஜெஸீமா. முதலாளியிடம் இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை போய்விடும்.

பிஸ்மி சொல்லிப் பட்டனை அழுத்தினாள்.

திரையில் சீட்கள் வரிசையாகப் பச்சையாயின. பிரிண்டர் இரைந்து ஒரு டிக்கெட்டைத் தள்ளியது. நாலந்தா–கொழும்பு, ஜன்னலோர சீட்!

"ஓடுது! ஓடுது அண்ணே!" அவள் துள்ளி எழுந்தாள்.

சிவலிங்கம் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு முதலாளியின் அறைக்கு ஓடினார். போட்டுக்கொடுக்கப் போகிறார்!

முதலாளி அப்துல் ஸமத் வெளியே வந்தார். "ஏம்மா, ரெண்டுலயும் ஓடுற மாதிரி எழுத ஏலாதா? நாவுலயில என்ன செய்வ? பழைய பதிவெல்லாம்?"

ஒன்றுவிடாமல் சிவலிங்கம் கேட்ட அதே கேள்விகள். ஜெஸீமா திக்காமல் மளமளவென்று பதில் சொன்னாள்.

முதலாளி திரையைப் பார்த்தார். பிறகு சிவலிங்கத்தின் தோளில் கை வைத்தார். "ஒன் எடத்துக்கு ஆள் வராம என்னைய விட்டுட்டுப் போகமாட்டேன்னு தந்த வாக்கக் காப்பாத்திட்ட. இப்ப ஆள் வந்தாச்சு. போயிட்டு வா தம்பி."

சிவலிங்கம் அதற்குள் கனடாவில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்: "நல்லம்மா, முதலாளி விட்டுட்டாரு! பாப்பாவ எழுப்பு, போட்டோவுல மட்டும் பாத்த அப்பா நேர்ல வர்றேன்னு சொல்லு!"