எலிகளுக்குப் பூ

"விஷம்கிற வார்த்தையை மட்டும் வாயில எடுத்துடாதே. பக்குவமாச் சொல்லு," என்றார் ஹோரிகோஷி.

"நீங்களே சொல்லிடுங்களேன் சார். நீங்கதானே பெரியவர்?" என்றான் நருமி.

"எனக்கு மைக்கைக் கழட்டி வைக்கிற வேலை இருக்கு," என்று மேலதிகாரி நழுவினார். மைக்கைக் கழற்றி வைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

சோதனையில் உயிர்விட்ட விலங்குகளுக்காக ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம் ஒரு கல் நட்டிருந்தார்கள். வருடாந்தர அஞ்சலி இப்போதுதான் முடிந்திருந்தது. பிக்கு மந்திரம் ஓதிவிட்டுக் கிளம்பிவிட்டார். கல்லின் அடியில் சாமந்திப் பூவும் ஒரு தட்டு எலித்தீனியும் இருந்தன. எதிரே குராமொச்சி அம்மா மட்டும் இன்னும் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றிருந்தார்.

அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

இரும்பு உதிரிபாகங்களைக் கழுவும் ஒரு திரவம். அதன் ஆவியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டு, தினமும் ஆறு மணி நேரம் எலிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். இரண்டு வருடம். முடிவு இன்று காலைதான் வெளியானது. அந்த அம்மாவின் கணவர் அதே திரவத்தோடு இருபது வருடம் வேலை பார்த்து, மூன்று வருடத்துக்கு முன் படுத்த படுக்கையாகி இறந்துபோனவர்.

சோதனை தொடங்கிய செய்தியைப் படித்ததிலிருந்து அந்த அம்மா மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து வந்துவிடுவார். கல்லுக்குப் பூ வைப்பார். நருமியைப் பார்த்து, "எலிங்க எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்பார். முடிவு வரும்வரை எதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். "நல்லா இருக்கும்மா," என்பான் அவன். ஏனோ அவர் முகம் வாடிப்போகும். நம்பவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வான்.

தினமும் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய இடமே புருஷனைக் கொன்றது என்று ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது? நருமி மெல்ல அவர் பக்கத்தில் போனான்.

"அம்மா... இன்னைக்குக் கொஞ்சம் ஜில்லுனு இருக்குல்ல?"

"குளிரைப் பத்திப் பேசவா இப்படித் தயங்கித் தயங்கி வர்றீங்க? ரிசல்ட் வந்திருச்சாமே, அதைச் சொல்லுங்க."

"வந்திருச்சு... அதாவது, முழுக்க நல்லதுன்னு சொல்லிட முடியாது. அதுக்காக ரொம்ப மோசம்னும்..."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. ஐயோ, புரிந்துவிட்டதே என்று நருமி பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சர்க்கரை தடவினான்.

"எலி வேற, மனுஷன் வேறம்மா. எலிக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகியிருக்கணும்னு கட்டாயமில்ல."

முகம் இன்னும் சுருங்கியது. கண்ணில் நீர் கட்டியது.

"அப்போ... அந்த எலிங்களுக்கு ஒண்ணுமே ஆகலைங்கிறீங்களா?"

"வயசானா எந்த எலிக்கும் ஏதாவது வரத்தானே செய்யும்..."

"சரி தம்பி. இத்தனை நாள் தொந்தரவு குடுத்துட்டேன். இனிமே வரமாட்டேன்," என்று குனிந்து வணங்கிவிட்டு, அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நாலு அடி வைப்பதற்குள் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

நருமிக்கு வெட்கமாக இருந்தது. அந்த எலிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தவன் அவன். அவை பட்ட பாட்டைப் பூசி மெழுகவா இத்தனை பூவும் மந்திரமும்?

"அம்மா, நில்லுங்க! நான் சொன்னது பொய். அது விஷம்தான்!"

அவர் நின்றார்.

"வெறும் காத்து குடுத்த எலிங்க எல்லாம் நல்லா இருக்கு. அந்த ஆவியைச் சுவாசிச்சதுல பத்துக்கு எட்டு எலிக்கு ஈரல் மொத்தமாப் போயிருச்சு. ஆவியைத் தவிர வேற காரணமே இல்ல. மன்னிச்சிருங்கம்மா, உங்க மனசு தாங்காதுன்னுதான்..."

அந்த அம்மா விறுவிறுவென்று திரும்பி வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஈரலா? நிச்சயமா ஈரல்தானா?"

"நிச்சயமா."

"அந்த எலிங்களுக்கு என்ன குடிக்கக் குடுத்தீங்க?"

விசித்திரமான கேள்வி. "வடிகட்டின குழாய்த் தண்ணி. வேற எதையும் கண்ணுலகூடக் காட்டினதில்ல."

அவர் அப்படியே கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. அழுதுகொண்டே சிரித்தார். நருமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவருக்கு ஈரல் போனப்போ, திருட்டுத்தனமாக் குடிச்சே கெடுத்துக்கிட்டார்னு கம்பெனி டாக்டர் எழுதிக் குடுத்துட்டார் தம்பி. 'சொட்டுக்கூடத் தொடலடீ'ன்னு சாகுற அன்னைக்கும் அழுதார், நான்தான் நம்பல. மூணு வருஷமா அவர் படத்தை அலமாரிக்குள்ள கவுத்துப் போட்டு வச்சிருக்கேன்... அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"