ஒரு ஆள் குறைந்த குழு

மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் பத்தி புகைந்துகொண்டிருந்தது. நாலு பெண்கள் சுவரோரமாகத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இன்னொருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு, முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு இருந்தாள்.

"இவங்க யாரு?" என்று கேட்டான் மணிகண்டபிரபு. கடன் கம்பெனியின் புது ஆபீசர். கோவில்பட்டிக் கிளைக்கு மாற்றலாகி வந்து எட்டு நாள்தான் ஆகிறது. இந்த ஊருக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறான்.

"முப்பிடாதிக்குக் கூடப்பிறந்த அக்கா, சார். புதூர்ல கட்டிக் குடுத்திருக்கு. தங்கச்சி செத்ததுக்குத் துட்டி கேட்டு வந்தவிய" என்றாள் குழுத்தலைவி சுதாராணி.

மூலையில் இருந்தவள் நிமிரவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. நாலு நாளாக எதுவுமே வரவில்லை, பசிகூட. போட்டோவைப் பார்த்தாலும் யாரோ மூன்றாம் மனுஷியைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது. வந்த காரியம் முடிந்ததும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும், அப்புறம் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேலையில்லை என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடு வாங்கவென்று முப்பிடாதி எடுத்த பத்தாயிரத்தில் இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் பாக்கி. ஐந்து பேர் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் தலையில் விழும். அது கம்பெனி சட்டம். ஏழு வாரமாகத் தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் பிய்த்துப் பிடுங்கி அவளுக்கும் சேர்த்து இவர்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரில் ஒருத்தியான உமாதேவியின் காதில் கம்மல் போய் வேப்பங்குச்சி ஏறியது அந்த வகையில்தான்.

கடன் வாங்கினவள் செத்துப்போனால் மட்டும் கதை வேறு. இன்ஷூரன்ஸில் முழுப் பாக்கியும் தள்ளுபடி. ஆபீசர் நேரில் வந்து விசாரித்து, இறந்தது உண்மைதான் என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படிம்மா இறந்தாங்க?"

"மஞ்சக்காமாலை, சார். சோறு தண்ணி எறங்கல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு ஆட்டோ பிடிக்கப் போனோம். திரும்பி வந்து பாத்தா ஆள் இல்ல."

"புருஷன்?"

"திருப்பூருக்குப் போறேன்னு போனவன்தான். அஞ்சு வருசமாச்சு. எங்கன கெடக்கானோ." சங்கரம்மாள் மூக்கைச் சிந்தினாள். நாலு பேரில் அவளுக்குத்தான் கண்ணீர் சுலபமாக வரும்.

"எடுத்தாச்சா?"

"வெள்ளிக்கிழமையே அடக்கம் பண்ணியாச்சு, சார்."

மணிகண்டபிரபு ஃபைலைப் புரட்டினான். செராக்ஸ் எடுத்த குழு போட்டோவில் ஐந்து பேரும் ஒரே கரியாகத்தான் தெரிந்தார்கள். வெளியே கட்டிக் கிடந்த ஆடு ரெண்டும் அவன் வண்டி வந்து நின்றதிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. பேசுவது காதில் விழவில்லை.

"அந்த ஆட்டை யாராச்சும் பாருங்களேம்மா."

உமாதேவி எழுந்துபோய் அதட்டிப் பார்த்தாள். ஜெயஷீலா ஒரு கை வேப்பங்குழையை ஒடித்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மூலையில் இருந்தவள் எழுந்து வாசல்வரை போய், நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தாள். ரெண்டும் கப்சிப் என்று அடங்கின. அவள் திரும்பி வந்து பழைய இடத்தில் பழையபடியே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்காவுக்கும் ஆட்டுத் தொழில்தானா?"

"ஆமா, சார். புதூர்ல பட்டி போட்டிருக்காவ" என்றாள் சுதாராணி.

மணிகண்டபிரபு நல்ல மனசுக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாததால் அது இன்னும் மிச்சமிருந்தது. மூலைப் பக்கம் திரும்பி, "மனசைத் தேத்திக்கோங்கம்மா. நம்ம கையில என்ன இருக்கு?" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இந்த ஏழு வாரத்தில் அவளிடம் யாரும் இவ்வளவு தன்மையாகப் பேசியதில்லை. அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

அவன் நாலு பேரையும் பார்த்தான். "இறப்பு சர்டிபிகேட்டைப் பதினஞ்சு நாளைக்குள்ள வாங்கிக் குடுத்துருங்க. பாக்கியைக் கம்பெனி பாத்துக்கிடும். இனி அவங்களுக்காக நீங்க கட்ட வேண்டாம்."

ஜெயஷீலா கண்ணை மூடி, "ஏசப்பா" என்றாள். உமாதேவியின் கை தானாகக் காதுக்குப் போனது. நாலு பேருக்கும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சந்தோஷத்தை முகத்தில் காட்டிவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மணிகண்டபிரபு விசாரணைப் படிவத்தை மடியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினான். ஏதோ ஞாபகம் வந்தவன்போல் நிறுத்தினான்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, உங்க கூட்ட நாள்தான? அட்டென்டன்ஸையும் எடுத்துருவோம். அப்புறம் இதுக்குன்னு ஒரு நடை வரணும்."

பதிவேடு வெளியே வந்ததும் பெண்கள் தன்னாலேயே கையைக் கட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரெண்டு வருஷமாகச் செவ்வாய்தோறும் காலை எட்டு மணிக்கு நடக்கிற காரியம். பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லாதவளுக்கு அடுத்த கடன் கிடையாது என்று பழைய ஆபீசர் அதட்டி அதட்டிப் பழக்கியிருந்தார்.

மணிகண்டபிரபு குனிந்த தலை நிமிராமல், எழுதியிருந்த வரிசைப்படி மளமளவென்று வாசித்தான்.

"சுதாராணி."

"உள்ளேன், சார்."

"உமாதேவி."

"உள்ளேன், சார்."

"சங்கரம்மாள்."

"உள்ளேன், சார்."

"ஜெயஷீலா."

"உள்ளேன், சார்."

"முப்பிடாதி."

மூலையிலிருந்து குரல் வந்தது.

"உள்ளேன், சார்."