காற்றழுத்தம் ஏறும் நேரம்

"கெதியாப் பாருங்கோ அண்ணை, பற்றறி இறங்கப் போகுது," என்றான் ஐசாக்.

மின்சாரம் இல்லாத ஊரில் பற்றறியில் ஓடிய கணினியில் அவன் எழுதிய கார்ப் பந்தய விளையாட்டு அது. டர்போ எஞ்சினில் பெடலை மிதித்தால் காற்றழுத்தம் சற்றுப் பிந்தித்தான் ஏறும். அதன் பிறகே கார் பாயும். எவ்வளவு பிந்தும்? புத்தகத்தில் இல்லை. குவைத்தில் முதலாளிமாரின் கார்களை ஓட்டிவிட்டு வந்த ஏரம்புவைத்தான் நம்பியிருந்தான்.

கொழும்பில் நடக்கும் கணினிப் போட்டிக்கு அந்த விளையாட்டைக் கொண்டுபோகவிருந்த அத்தான், கிளாலிக் கடலேரிப் படகுக்கு நேரமாகிறதென்று வாசலில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நின்றார்.

ஏரம்பு விசையை அழுத்தினார். திரையில் கார் தயங்கிப் பாய்ந்தது.

"காணாது. இன்னும் பிந்தவேணும்."

ஐசாக் எண்ணை மாற்றினான்.

"இன்னும்!"

மறுபடி மாற்றினான். ஏரம்பு துள்ளினார். "உதுதான்! அச்சொட்டா உப்பிடித்தான்!"

ஐசாக் விளையாட்டைக் கசெற்றில் பதிந்து, ஓடிப்போய் அத்தானிடம் கொடுத்தான். சைக்கிள் ஒழுங்கையில் மறைந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"குவைத்திலை அது எந்தக் கார் அண்ணை?"

"குவைத்தோ? அங்கை எல்லாம் மிதிச்ச உடனை பறக்கும். நான் சொன்னது இஞ்சை நிக்கிற என்ரை பழைய ஒஸ்ரின் காரை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெய் விடத் துவங்கின நாளிலையிருந்து உப்பிடித்தான், இருமி இருமிப் பாயுது."